சாட்சிகள் முன்னிலையில் எடுத்த அழுத்தம்

மார்ச் 4

1. இதை எழுதுபவன் சிவில் வழக்கறிஞன், வயது ஐம்பத்திரண்டு, உன் உடன்பிறந்த ஒரே அண்ணன். முழுச் சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதுகிறேன். (பிந்தையது முழுக்க உண்மையல்ல. உன் அண்ணி அடுத்த அறையிலிருந்து, "மொதல்ல நல்லாருக்கியான்னு கேளுங்க" என்கிறாள். நன்றாக இருக்கிறாயா?)

2. இதைப் பெறுபவர் நோயெதிர்ப்பு ஆராய்ச்சியாளர். கடல் கடந்த நகரொன்றில் எலிகளோடு பணிபுரிபவர். சென்ற வாரம் நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போதே தொலைபேசியை வைத்தவர். அதன்பின் என் அழைப்புகள் எதையும் எடுக்காதவர்.

3. ஆகவே இது எழுத்துமூலம்.

விஷயம் உனக்குத் தெரியும். இருந்தாலும் கோர்வைக்காகச் சொல்கிறேன். உன் அண்ணியின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். போய்விட்டு வந்தால் அன்றைக்கு முழுவதும் கிழித்துப் போட்ட துணி மாதிரிக் கிடக்கிறாள். என் ரத்தமும் திசுவும் அவளுக்குப் பொருந்துகின்றன. ஒன்றைக் கொடுக்க நான் தயார். தடையாக இருப்பது ஒரே ஒரு விஷயம். கிட்னி டாக்டர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "எல்லாம் சரியா வருது சார், பிரஷர்தான் இடிக்குது. வீட்ல எடுத்தாலும் ஏறியிருக்கு, இங்க எடுத்தாலும் ஏறியிருக்கு. ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது மேல பாரம் விழும். இப்பவே பிரஷர் உள்ளவங்ககிட்ட இருந்து எடுக்கக் குழு ஒத்துக்காது." உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் அந்தக் குழு ஆகஸ்டில் கூடுகிறது. அவர்கள் மறுத்தால், பொருத்தமான வேறு ஆள் எங்கள் பார்வையில் இல்லை.

நீ ஆறு ஆண்டுகளாகச் செய்வது, ஒற்றைச் சிறுநீரகத்துடன் இருக்கும் எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறாமல் ஊசியால் தடுப்பது. நான் நாளை இருக்கப்போவதும் ஏறக்குறைய அதே நிலையில். ஆகையால் கேட்டேன். கேட்டது குற்றமா? உன்னிடமிருந்து நான் வேண்டுவது: அந்த ஊசி எனக்குப் பயன்படுமா, அதைப் பெற வழி உண்டா, பயன்படும் என்றால் அதற்கு உன் எழுத்துமூலமான உத்தரவாதம்.

உன் அண்ணியின் நிலைப்பாட்டையும் பதிவு செய்வது நியாயம். "இவரு கிட்னி எனக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு, நேத்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சே, யோசிச்சுச் சொல்லுன்னு குறுக்கு விசாரணை பண்ணும். எனக்கு வேணாம்பா."

அண்ணன்

&nbsp;

மார்ச் 19

அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். இந்தப் பதில் அண்ணியின் கேள்விக்கு.

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் பிரித்தேன். கூட வேலை செய்யும் பெண், "வீட்டுக்காரன் விவாகரத்து நோட்டீஸ் அனுப்பிட்டானா?" என்று கேட்டாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதை நினைவூட்டி, "அண்ணன் அன்பா எழுதியிருக்கார்" என்றேன். நம்பவில்லை.

போனில் சொன்னதைத்தான் திரும்பச் சொல்கிறேன்: நீங்க எலி இல்லண்ணா. இந்த ஊசியை எந்த மனிதருக்கும் இதுவரை போட்டதில்லை. போட்டுப் பார்க்க அனுமதி கிடைக்கவே இன்னும் பல வருடம் ஆகலாம். கிடைத்தாலும் முதல் ஆளாக என் அண்ணனை உட்காரவைக்க முடியாது. இது உங்கள் சட்டத்திலேயே இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதனால் பதில் சொல்கிறேன்.

ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, எலிக்கு உப்புத் தண்ணீரும் ஒரு ஹார்மோனும் கொடுக்கிறோம். கொஞ்ச நாளில் அழுத்தம் ஏறுகிறது. உப்பு மட்டும்தான் காரணம் என்று ரொம்ப காலம் நினைத்தார்கள். ஆனால் கிருமிகளை எதிர்க்கும் சில காவல் செல்கள் பிறவியிலேயே இல்லாத எலிகளுக்கு இதையே செய்தால் அவ்வளவு ஏறுவதில்லை. அப்படியானால் காவல் செல்களுக்கு இதில் என்ன வேலை? நாங்கள் நினைப்பது இது: பாரத்தில் இருக்கும் சிறுநீரகத்தில் உடம்பின் சொந்தப் புரதங்களே கொஞ்சம் உருமாறி, அந்நியன் மாதிரித் தெரிகின்றன. காவல் செல்கள் உள்ளே நுழைகின்றன. அவை வெளிவிடும் பொருள்களால் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தத்தால் இன்னும் சேதம்; சேதத்தைப் பார்த்து இன்னும் காவல்.

அதே காவல் படையில் "போதும், கலைந்து போ" என்று சொல்லும் ஒரு வகையும் உண்டு. அடக்கும் செல்கள். எங்கள் ஊசி அவற்றைப் பெருக்குகிறது. அவ்வளவுதான். மந்திரம் இல்லை.

உத்தரவாதம் கேட்காதீர்கள். நான் ஆராய்ச்சி செய்கிறேன். பத்திரம் பதிவு செய்வதில்லை.

ஒன்று கேட்கட்டுமா? நம் வீட்டில் யாருக்கும் அழுத்தம் இருந்ததில்லை. போன வருடம் உங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் எல்லோருக்கும் பரிசோதனை நடந்தபோது உங்களுக்குச் சரியாகவே இருந்ததாகச் சொன்னீர்கள். இப்போது எப்படி எடுக்கிறீர்கள்? எந்த அறை, யார் எடுப்பது, எப்படி உட்காருவீர்கள்? விவரமாக எழுதுங்கள். உங்களுக்கா விவரம் சொல்லித்தர வேண்டும்.

தங்கை

&nbsp;

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை மும்முறை படித்தேன். முதல் முறை கோபம். இரண்டாம் முறை குறிப்பெடுத்தேன். மூன்றாம் முறை, ஒத்துக்கொள்கிறேன், சுவாரஸ்யம். சிறுநீரகத்தின் மேல் எனக்கு இதுவரை எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை.

ஆகவே சில கேள்விகள். சொந்தப் புரதம் உருமாறி அந்நியன்போல் தோன்றுகிறது என்றாய். அதை அந்நியன் என்று தீர்மானிப்பது யார்? அதற்கு மேல்முறையீடு உண்டா? அடக்கும் செல்கள் கலைந்து போகச் சொன்னால் மற்றவை கேட்கின்றனவே, எந்த அதிகாரத்தில் கேட்கின்றன? எல்லாக் காவலையும் அடக்கிவிட்டால் எலிக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் தாங்காதே. இந்த ஆட்சேபத்தை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கடைசியாக, ஊசி அழுத்தம் வருமுன் தடுக்கிறதா, வந்த அழுத்தத்தை இறக்குகிறதா? இவை இரண்டும் ஒன்றல்ல. வீட்டில் ஒருவன் நுழையாமல் தடை உத்தரவு வாங்குவது எளிது. நுழைந்து குடியேறிவிட்டவனை வெளியேற்றுவது பெரும்பாடு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நடைமுறையில் குறை காண உன்னால் இயலாது என்று நம்புகிறேன்.

காலையில் என் வீட்டு அலுவலக அறையில், கைப்பிடி உள்ள நாற்காலியில் அமர்கிறேன். கருவியை நானே கட்டிக்கொள்கிறேன். வலப்புறம் உன் அண்ணி நிற்கிறாள்; இடப்புறம் என் குமாஸ்தா நிற்கிறார். எண் தெரிந்ததும் குமாஸ்தா உரக்க வாசிக்கிறார். உன் அண்ணி கருவியைப் பார்த்து, "சரிதான்" என்கிறாள். பிறகு மூவரும் தேதியிட்டுக் கையெழுத்திடுகிறோம். நானே எடுத்து நானே குறித்தால், கிட்னி கொடுக்க ஆசைப்பட்டுக் குறைத்து எழுதினான் என்று குழுவில் ஒருவர் சொல்லிவிட முடியும். அந்த வாய்ப்பை நான் விட்டுவைக்கவில்லை. மருத்துவமனையிலும் அவள் உடன் இருக்கும்போதே எடுக்கிறார்கள்.

எண்கள் நூற்றைம்பத்தைந்துக்கு மேலேயே நிற்கின்றன. ஒரு நாளும் இறங்கியதில்லை.

நேற்றுக் குமாஸ்தா எண்ணை வாசித்துவிட்டு, "ஐயா, நாளைக்கு நான் கொஞ்சம் மெதுவா வாசிக்கட்டுமா?" என்று கேட்டார். மெதுவாக வாசித்தால் எண் மாறுமா என்றேன். "இல்ல, கேக்கறதுக்குக் கொஞ்சம் நல்லாருக்கும்" என்றார்.

அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 15

அண்ணா,

முதலில் சிரித்தேன். சத்தமாக. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

உலகத்தில் வேறு யாராவது பிரஷர் எடுக்கும்போது இரண்டு சாட்சிகளை நிறுத்திக் கையெழுத்து வாங்குவார்களா? அதுவும் யாரை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த எண்ணில் யாருடைய உயிர் தொங்குகிறதோ, அவரை. அவர் பார்த்துக்கொண்டு நிற்கையில் எந்த மனிதனுக்கு ஏறாது? வெள்ளை அங்கியைக் கண்டாலே சிலருக்கு ஏறும். நீங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு நீதிமன்றத்தைக் கூட்டி, கூண்டில் ஏறி நின்று, அதன்பின் அளக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கும் அதே நீதிபதியைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்.

உங்களுக்கு அழுத்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெரியாது. நீங்கள் இதுவரை எடுத்த எதிலிருந்தும் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். தனியாக எடுங்கள். கதவைச் சாத்துங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், பேசக்கூடாது, மனசுக்குள் வாதாடவும் கூடாது. அதைவிட நல்லது, ஒரு நாள் முழுக்கக் கையிலேயே கட்டியிருந்து தானாக அளந்து பதிந்துகொள்ளும் கருவி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். அது யாரையும் சாட்சிக்குக் கூப்பிடாது.

உங்கள் கேள்விகளுக்கு இன்றைக்குப் பதில் இல்லை. காரணம் நீங்கள்தான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எலி அறைக்குப் போய் நின்றேன். நாங்களும் எலியை ஒரு குழாய்க்குள் விட்டு, வாலில் பட்டை கட்டித்தான் அளக்கிறோம். ஊசி போட்ட கூட்டத்தை முதலில் அளப்போம். போடாத கூட்டத்தை அப்புறம். வரிசையை மாற்றி மாற்றி அளக்க வேண்டும் என்பது விதி. கூண்டுகள் அடுக்கியிருக்கும் வசதிக்காக அது எப்போதோ விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது கூட்டத்தின் முறை வரும்போது பக்கத்து அறையில் கூண்டு கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். தகரம் மேல் தகரம். நான் இத்தனை வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. நேற்றுத்தான் கேட்டேன்.

ஊசி போடாத எலிகளுக்கு ஏறியது நோயாலா, தகரத்தாலா?

இதற்குப் பதில் தெரியாமல் என்னால் தூங்க முடியாது. மறுபடி முதலிலிருந்து அளக்கப்போகிறோம். இந்த முறை உடம்புக்குள்ளேயே சின்னக் கருவி வைத்து, யாரும் தொடாமல்.

தங்கை

&nbsp;

மே 6

அன்புள்ள தங்கைக்கு,

சாட்சி இல்லாத அளவு எனக்கு அளவாகத் தோன்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பினும் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன். எண் கணிசமாக இறங்கியது. மறுநாளும் இறங்கியது. இரண்டையும் யாரும் பார்க்கவில்லையாதலால் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் குமாஸ்தா கதவுக்கு வெளியிலிருந்து, "ஐயா, என்னை வேலையை விட்டு எடுத்துட்டீங்களா?" என்று கேட்டதால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

உன் அண்ணிக்கும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவள், "என்னைப் பாத்தா உங்களுக்குப் பிரஷர் ஏறுதுன்னு உங்க தங்கச்சியே எழுத்துல குடுத்துட்டா. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்றதுக்கு இப்பத்தான் சான்று கெடச்சிருக்கு" என்றாள். அந்தக் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னாள்.

அன்று மாலை நடந்ததை எழுதலாமா என்று சற்றுத் தயங்கினேன்.

டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "இனிமே நம்பர் எறங்கிடும், நீ கவலைப்படாதே. நீ பக்கத்துல நின்னு எறங்கணும் எறங்கணும்னு வேண்டிக்கிட்டு இருந்ததுதான் எனக்கு ஏத்திவிட்டுருக்கு" என்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எறங்கணும்னா? நான் ஏறணும்னுல்ல பாத்துக்கிட்டு நின்னேன்."

எனக்குப் புரியவில்லை என்றேன்.

"ஏறினா டாக்டரே வேணாம்னுடுவாரு. நீங்க தப்பிச்சிடுவீங்க. நான் வேணாம்னு சொன்னா நீங்க கேக்கற ஆளா?"

வழக்கறிஞனாக இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ சாட்சிகளை விசாரித்திருக்கிறேன். ஒரு சாட்சி என்ன நினைத்துக்கொண்டு எதிரில் நிற்கிறார் என்பதை இவ்வளவு தவறாக நான் ஒருபோதும் கணித்ததில்லை. இந்த வாக்குமூலத்தைக் கேட்டவன் நான் ஒருவனே. குமாஸ்தா வீட்டுக்குப் போயிருந்தார்.

டாக்டர் நீ சொன்ன கருவியைக் கட்டிவிட்டார். அரை மணிக்கு ஒருமுறை கையை இறுக்குகிறது. நீதிமன்றத்தில் நான் எழுந்து நிற்கும்போது இறுக்கியது. நீதிபதி, "என்ன வக்கீல் சார், கையை ஏன் அப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?" என்றார். மருத்துவக் காரணம் என்றேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "கேஸ் அப்படி, அவரு என்ன பண்ணுவாரு" என்றார்.

டாக்டரின் அறிக்கை: பகல், இரவு இரண்டும் இயல்பின் எல்லைக்குள். பகலில் எல்லையை ஒட்டி என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். முடிவைக் குழுவுக்கு விட்டிருக்கிறார். உன் எலிகள் என்ன சொல்கின்றன?

அண்ணன்

&nbsp;

ஜூலை 21

அண்ணா,

தாமதத்துக்கு எலிகள்தான் காரணம். அவசரப்படுத்தினால் அவற்றுக்கும் ஏறிவிடும்.

உங்கள் சாட்சிகள் இரண்டு பேரும் சேர்ந்து என் கட்டுரையில் பாதியைத் தின்றுவிட்டார்கள். யாரும் தொடாமல் அளந்தபோது, ஊசி போட்ட எலிக்கும் போடாத எலிக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஆய்வகத் தலைவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் வந்து, "மிச்சம் இருக்கற பாதி உண்மைதானே?" என்று கேட்டார். உண்மைதான். வரிசையை எப்படி மாற்றினாலும் அந்தப் பாதி அசையவில்லை. சிறுநீரகத்தை எடுத்துப் பார்த்தால், ஊசி போட்டவற்றில் உள்ளே நுழைந்த காவல் செல்கள் தெளிவாகக் குறைவு.

இப்போது உங்கள் கேள்வி, அதாவது குடியேறுமுன் தடுப்பதா, குடியேறியவனை வெளியேற்றுவதா. உப்புத் தண்ணீர் கொடுக்குமுன்பே ஊசி போட்டால் அழுத்தம் அவ்வளவு ஏறுவதில்லை. ஏறி நிலைத்தபின் போட்டால் இறங்குவதே இல்லை. உங்கள் கேள்வியைப் படிக்கும்வரை இரண்டையும் தனித்தனியாகச் செய்துபார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. நன்றி சொல்வதா, கட்டணம் கேட்பீர்களா என்று தெரியவில்லை. அதிகாரம் பற்றிய கேள்விக்கு: அடக்கும் செல்கள் மற்றவை பெருகத் தேவையான சமிக்ஞையைத் தாங்களே விழுங்கிவிடுகின்றன, இன்னும் சில வழிகளும் உண்டு. காய்ச்சலைப் பற்றிய ஆட்சேபம் சரியானது. அதற்கு எங்களிடம் இன்னும் முழுப் பதில் இல்லை.

இதெல்லாம் எலியில். திரும்பவும் சொல்கிறேன்: எலியில். கிட்னி கொடுத்த மனிதர்களுக்கு நாங்கள் உப்புத் தண்ணீரும் ஹார்மோனும் புகட்டுவதில்லை. பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். சிலருக்குப் பின்னாளில் கொஞ்சம் ஏறுகிறது. எந்தச் சிலர் என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் முடியாது. என் ஊசியை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அது இருக்கிறது என்றே மறந்துவிட்டு முடிவெடுங்கள்.

அன்றைக்குப் போனை ஏன் வைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் தினமும் காலையில் ஒற்றைச் சிறுநீரகங்களைத்தான் பார்க்கிறேன். வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில். "ரெண்டுல ஒண்ணைக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்று நீங்கள் ஏதோ குடையைக் கொடுப்பது மாதிரிச் சொன்னபோது, அந்தத் தகடு கண்ணுக்கு முன்னால் வந்தது. அதில் உங்கள் பெயர் எழுதியிருந்த மாதிரி. அண்ணி வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக. இரண்டு பேரும் வேண்டும் என்றால் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

குழு என்ன சொன்னாலும் உடனே சொல்லுங்கள். போனில் சொல்லுங்கள். எடுக்கிறேன்.

தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 17

அன்புள்ள தங்கைக்கு,

தொலைபேசியில் முடிவைச் சொல்லிவிட்டேன். நீ அழுததில் பாதி கேட்கவில்லையாதலால், நடந்ததை முறைப்படி எழுதுகிறேன்.

குழுவின் முன் வாசிக்க ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். உன் அண்ணியை வெளியே உட்காரச் சொன்னார்கள். உறவினர் இல்லாமல், தாள் இல்லாமல், ஓர் அறையில் மூன்று பேர் எதிரில் நான். அவர்களில் சமூகப் பணியாளரான அம்மாதான் அதிகம் பேசினார்.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தறாங்களா?"

"ஆமா. மனைவி. குடுக்கக் கூடாதுன்னு."

"தங்கச்சி இந்தத் துறைல இருக்காங்களாமே. ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்களா?"

"சொல்லலை. கேட்டேன். எழுதிக் கேட்டேன். ஒரு வரி தரலை."

"அப்பறம் எந்த நம்பிக்கையில குடுக்கறீங்க?"

இதற்கு என் அறிக்கையில் பதினோரு பத்திகள் இருந்தன. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "வீட்ல நான் சொல்றதை இல்லைன்னு சொல்ல அவளை விட்டா வேற ஆள் கிடையாது. அவ இல்லன்னா நான் சொல்றதெல்லாம் சரின்னு ஆயிடும். அப்படி ஒரு வீட்ல எனக்கு இருக்கத் தெரியாது" என்றேன். அந்த அம்மா எதையோ எழுதினார். எதை எழுதினார் என்று நான் கேட்கவில்லை. எந்த ஆவணத்தைப் பற்றியும் நான் அவ்வாறு கேட்காமல் இருந்ததாக நினைவில்லை.

ஒப்புதல் தந்துவிட்டார்கள். அறுவை செப்டம்பரில். உப்பைக் குறைக்க வேண்டும். ஆயுள் முழுதும் அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். உன் அண்ணியிடம் வெளியே வந்து சொன்னேன். நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வரட்டும். ஆனா உள்ள வந்தா வாயை மூடிக்கிட்டு இருக்கணும்" என்றாள். என் சிறுநீரகத்தின் சார்பில் ஒப்புக்கொண்டேன்.

இப்போது என்னை உறுத்தும் ஒரு கேள்வி. என்னிடம் தங்கும் சிறுநீரகம் எனக்குச் சொந்தம். அதைக் காவல் செல்கள் அந்நியன் என்று எண்ணிவிடாமல் பார்க்க வேண்டும். அவளிடம் போவது உண்மையிலேயே அந்நியன். அதை அவள் உடம்பின் காவல் செல்கள் சொந்தம் என்று எண்ணச் செய்ய வேண்டும். உன் அடக்கும் செல்கள் இரண்டு வழக்குகளிலும் ஆஜராகுமா? இதற்குக் கடிதத்தில் பதில் வேண்டாம். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சொல். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

முடிவாக, பின்வருமாறு உறுதி கூறுகிறேன்:

1. என் தங்கையிடம் உத்தரவாதம் கேட்டேன், அவர் தரவில்லை. அவர் தந்திருந்தால் நான் அவரை நம்பியிருக்க மாட்டேன்.

2. மேற்படி சிறுநீரகத்தை என் மனைவிக்கு எவ்வித நிபந்தனையும் இன்றி, திரும்பப் பெறும் உரிமை இன்றி அளிக்கிறேன்.

3. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும் பதிவு செய்கிறேன்.

(ஒப்பம்)
அண்ணன்

சாட்சிகள்:

1. இவருடைய மனைவி. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்தால் அழுவேன் என்று குமாஸ்தா சொன்னார்.

2. குமாஸ்தா. நான் அப்படிச் சொல்லவில்லை. அம்மா மூன்று தடவை படித்தார்கள்.